கப்பல் காத்திராது

பயணம் புறப்படுவோரை வழியனுப்பும்போது, "பெட்டி எத்தனை?" என்று கேட்பது நம் ஊர்களில் வழக்கம். புகைவண்டியிலும் பேருந்திலும் போகும் பயணத்துக்கு அது பொருத்தமான கேள்வியே. ஏறும்போது எண்ணுகிறோம், இறங்கும்போது எண்ணுகிறோம், இடையில் விழிப்பு வந்தால் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொள்கிறோம். விமானப் பயணம் அத்தகையதன்று. நிலையத்தின் முகப்பில் பெட்டியை ஒப்படைத்த நொடி முதல், அது ஒரு வழியிலும் நாம் ஒரு வழியிலும் போகிறோம். போய்ச் சேரும் ஊரில் அதே நாளில் அதைச் சந்திப்போம் என்பது நம் நம்பிக்கை. அந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. அது பொய்த்துப்போன ஒரு பயணத்தைக் குறித்தே இத்திங்கள் வாசகர்களோடு பேச விரும்புகிறோம். அதில் நமக்கும் ஒரு சிறு பங்கு உண்டாதலின், பேசாதிருப்பது முறையன்று என்றும் கருதுகிறோம்.

நம் பங்கில் முதிய தம்பதியர் ஒருவர் உள்ளனர். கணவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அம்மையார் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள் தவறாமல் மருந்து உட்கொள்பவர். செர்மனியில் பணியாற்றும் அவர்களுடைய ஒரே மகன், பெற்றோரின் நாற்பதாவது திருமண நிறைவை முன்னிட்டு, இத்தாலியிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல் ஒன்றில் ஏழு நாள் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். உரோமைக்கு அருகிலுள்ள சிவிதாவேக்கியா துறைமுகத்தில் ஏறி, நேப்பிள்ஸ், மெசினா, மால்ட்டா, பார்சலோனா, மார்சேய் ஆகிய இடங்களைக் கண்டு, மீண்டும் அதே துறைமுகத்தில் இறங்க வேண்டும். பெற்றோர் மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து வளைகுடா நாடு ஒன்று, அதன்பின் உரோமை என்று மூன்று விமானங்களில் செல்ல வேண்டும். கப்பல் புறப்படும் நாளன்றே நண்பகலில் உரோமையில் இறங்குவதாகத் திட்டம். விடுதிச் செலவு ஒரு நாள் மிச்சம் என்று எண்ணி இவ்வாறு வகுத்திருந்தனர்.

புறப்படுவதற்கு முந்திய மாலை ஆசீர் பெறுவதற்காகப் பங்கு இல்லத்துக்கு வந்திருந்தனர். பேச்சுக்கிடையில் அம்மையார் கணவரைப் பார்த்து, "ஏங்க, மாத்திரை எல்லாத்தையும் கைப்பையிலேயே வச்சிருவமா?" என்று கேட்டார்.

"ரெண்டு நாளைக்கு உள்ளது கையில இருக்கு. மிச்சம் பெரிய பெட்டியில பத்திரமா இருக்கும். கைப்பை ஏழு கிலோவுக்கு மேல போனா விட மாட்டாங்க," என்றார் ஆசிரியர். பின்னர் நம்மை நோக்கி, "சரிதானே சாமி?" என்றார்.

"சரிதான்" என்றோம். சிந்தியாமல் சொன்ன அந்த ஒரு சொல்லே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

நடந்தது என்ன?

சென்னையிலிருந்து புறப்பட்ட விமானம் ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. வளைகுடா நாட்டில் விமானம் மாறுவதற்கு இருந்த இரண்டு மணி நேரம் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. முதியவர்கள் இருவரும் ஓட்டமும் நடையுமாகச் சென்று அடுத்த விமானத்தைப் பிடித்துவிட்டனர். பெட்டிகள் பிடிக்கவில்லை. உரோமையின் ஃபியூமிச்சினோ நிலையத்தில், பெட்டிகள் சுற்றி வரும் பட்டையின் அருகே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றனர். ஒவ்வொருவராகத் தத்தம் பெட்டியை எடுத்துச் சென்றனர். கடைசியில் பட்டை நின்றுபோயிற்று. காணாமற்போன பெட்டிகளுக்கு முறையிடும் இடத்தில் நீண்ட வரிசை. வெளியே காத்திருந்த மகனோ, "அப்பா, நாலரைக்குள்ள கப்பல்ல ஏறணும், வந்துருங்க" என்று தொலைபேசியில் அவசரப்படுத்தினார். துறைமுகம் அங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முறையீடு எழுதிக் கொடாமலேயே வெளியே வந்துவிட்டனர்.

பெட்டிகள் மறுநாளே உரோமை வந்து சேர்ந்தன. ஆனால் அவற்றின் உரிமையாளர் எங்கே இருக்கிறார் என்பது அங்கே எவருக்கும் தெரியாது. கப்பலிலிருந்து மகன் பலமுறை தொலைபேசியில் பேசி, முறையீடு பதிவாவதற்குள் மூன்று நாள்கள் கடந்தன. மால்ட்டாவுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். பெட்டிகள் மால்ட்டா சேர்ந்தபோது கப்பல் பார்சலோனாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன்பின் துரத்துவதை விட்டுவிட்டு, ஊருக்கே அனுப்பிவிடுமாறு கேட்டுக்கொண்டனர். பெட்டிகள் மதுரைக்கு வந்தது, புறப்பட்ட பத்தொன்பதாம் நாள்.

மாற்றுடை இல்லாதது சிறு துன்பமே. கப்பலில் உள்ள கடையில் விலை மிகுந்த இரண்டு உடைகளை மகன் வாங்கிக் கொடுத்தார். ஆனால் மருந்து? கையிலிருந்த மாத்திரைகள் நேப்பிள்ஸ் நகரோடு தீர்ந்துபோயின. மெசினாவில் கப்பல் நின்ற நாளன்று மாலை, அம்மையார் உணவுக் கூடத்தில் தலைசுற்றி விழுந்துவிட்டார். கப்பல் மருத்துவர் உடனே கவனித்தமையால் தீங்கொன்றும் நேரவில்லை. ஆயினும் அவ்விரவு முழுவதும் கண் மூடாமல் மனைவியின் கட்டிலருகே அமர்ந்திருந்த ஆசிரியர், "நாப்பது வருஷத்துல அவ கேட்டதே கொஞ்சம். அதுல இது ஒண்ணு" என்று பின்னர் நம்மிடம் சொன்னபோது நம்மால் மறுமொழி கூற இயலவில்லை.

நிற்க. இதில் யார் மீது குற்றம் சுமத்துவது என்பது நம் நோக்கமன்று. இத்தகைய பயணம் இன்று நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பெற்றோரைக் கப்பல் பயணத்துக்கு அழைக்கின்றனர். கடற்கரைப் பங்குகளிலிருந்து நம் இளைஞர் பலர் கப்பலில் பணியேற்பதற்காக விமானத்தில் அயல்நாட்டுத் துறைமுகங்களுக்குச் செல்கின்றனர். இரு சாராரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு.

நகரும் முகவரி

ஒருவர் உரோமைக்குச் சென்று ஒரு விடுதியில் ஒரு வாரம் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தால், விமான நிறுவனத்தார் அதை விடுதிக்குக் கொண்டுவந்து தருவர். தாமதமாகும் பெட்டிகளுள் பெரும்பகுதி இரண்டு நாள்களுக்குள் உரியவரிடம் சேர்ந்துவிடுகிறது. அடியோடு தொலைந்துபோவன மிகச் சிலவே. ஆதலின் விடுதியில் தங்குவோருக்கு அது ஒரு தொல்லை மட்டுமே.

கப்பலில் செல்வோரின் நிலை வேறு. அவர்களுடைய முகவரி நாள்தோறும் நகர்கிறது. இன்று ஒரு நாடு, நாளை மற்றொரு நாடு, மறுநாள் நடுக்கடல். கப்பல் ஒரு துறைமுகத்தில் காலையில் வந்து மாலையில் போய்விடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் பெட்டி வானூர்தி நிலையத்தைக் கடந்து, துறைமுக வாயிலைக் கடந்து, கப்பலின் ஏணியடியை அடைய வேண்டும். ஒரு நாள் தாமதம் இவ்வாறே ஏழு நாள் தாமதமாக வளர்ந்துவிடுகிறது. பயணி ஒருவருடைய பெட்டிக்காகக் கப்பல் காத்திராது.

விமானப் பெட்டிகளைப் பற்றி ஆண்டுதோறும் கணக்கு வெளியிடும் சீட்டா என்னும் பன்னாட்டு நிறுவனத்தின் அறிக்கைப்படி, 2007-ஆம் ஆண்டில் ஆயிரம் பயணிகளுக்கு ஏறக்குறைய 19 பெட்டிகள் தாமதமாயின, சேதமுற்றன அல்லது தொலைந்தன. 2024-இல் அவ்வெண் 6-க்குச் சற்று மேல் என்று குறைந்திருக்கிறது. பெருந்தொற்றுக்குப் பின் ஊழியர் பற்றாக்குறையால் ஐரோப்பிய நிலையங்களில் பெட்டிகள் மலைபோல் குவிந்த 2022-ஆம் ஆண்டைத் தவிர்த்துப் பார்த்தால், நிலைமை சீரடைந்தே வந்துள்ளது. எனினும் ஆயிரத்தில் ஆறு பேருள் ஒருவராக நாம் இருக்க மாட்டோம் என்பதற்கு உறுதி எங்கே?

பெட்டி ஏன் வழி தவறுகிறது?

முதற்காரணம், விமானம் மாறுவது. தாமதமாகும் பெட்டிகளுள் மிகப் பெரிய பங்கு இவ்வாறு மாறும் இடங்களில் பின்தங்குவனவே. மனிதன் ஓடிப் போய் வாயிலை அடையலாம், பெட்டி ஓடாது. அதை ஒரு விமானத்திலிருந்து இறக்கி, பிரித்து, மறுவிமானத்துக்கு வண்டியில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். இடைவெளி ஒரு மணி நேரமாகச் சுருங்கினால், பயணி மட்டும் போய்ச் சேர்வதில் வியப்பில்லை.

இரண்டாவது, தனித்தனிச் சீட்டு. மதுரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ சென்னைக்கு ஒரு சீட்டும், சென்னையிலிருந்து அயல்நாட்டுக்கு வேறொரு சீட்டும் வாங்கியிருந்தால், பெட்டி பெரும்பாலும் சென்னையோடு நின்றுவிடும். அங்கே அதை நாமே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். இதை அறியாமல் நேரே அடுத்த விமானத்துக்குப் போய்விடுவோர் உளர். வழி முழுவதும் ஒரே சீட்டாக இருப்பின் இச்சிக்கல் குறையும்.

அமெரிக்காவின் மயாமி போன்ற துறைமுகங்களில் கப்பல் ஏறுவோர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். அயல்நாட்டிலிருந்து வருவோர், அமெரிக்க மண்ணில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே தம் பெட்டியை எடுத்து, சுங்கச் சோதனையைக் கடந்து, மீண்டும் ஒப்படைப்பது அங்குள்ள பொது வழக்கம். நியூயார்க்கில் இறங்கி மயாமிக்குச் செல்பவர், பெட்டி தானாகவே மயாமி வந்துவிடும் என்று எண்ணியிருந்தால் ஏமாற நேரும்.

மூன்றாவது, பெட்டியில் ஒட்டும் அடையாளச் சீட்டு. அதில் பத்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணும், இயந்திரம் படிக்கும் கோடுகளும், போய்ச் சேரும் நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியும் அச்சிடப்பட்டிருக்கும். சென்னைக்கு எம்.ஏ.ஏ.; ஃபியூமிச்சினோவுக்கு எஃப்.சி.ஓ.; பார்சலோனாவுக்கு பி.சி.என்.; மயாமிக்கு எம்.ஐ.ஏ. முகப்பில் பெட்டியை ஒப்படைக்கும்போது, அந்த மூன்றெழுத்து நாம் போகும் கடைசி ஊருக்கு உரியதுதானா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்வதற்கு ஐந்து நொடி போதும். அதனோடு, முந்திய பயணங்களில் ஒட்டிய பழைய சீட்டுகளையும் கிழித்தெறிய வேண்டும். 'வெளிநாடு போய் வந்த பெட்டி' என்று பிறர் அறிவதற்காகச் சிலர் அவற்றை விட்டுவைப்பதுண்டு. அந்தப் பெருமை, இயந்திரம் பழைய கோட்டைப் படித்துவிட்டால் பெட்டியைப் பழைய ஊருக்கே அனுப்பிவிடக் கூடும்.

முன்னரே செய்யத்தக்கவை

எல்லாவற்றிலும் சிறந்த காப்பு, கப்பல் புறப்படுவதற்கு முந்திய நாளே அவ்வூரை அடைந்துவிடுவது. ஒரு நாள் விடுதிச் செலவு வீண் செலவன்று. விமானம் பிந்தினாலும் கப்பலைத் தவறவிட மாட்டோம். பெட்டி பிந்தினாலும் மறுநாள் விமானத்தில் வருவதை நிலையான ஒரு முகவரியில் பெற்றுக்கொள்ளலாம். உரோமையில் அவ்வாறு கிடைக்கும் ஒரு நாளில் புனித இராயப்பர் பேராலயத்தைக் கண்டுவருவதற்கும் வாய்ப்புண்டு. நம் ஆசிரியர் மிச்சம் பிடித்த விடுதிச் செலவு, கப்பல் கடையில் வாங்கிய முதல் உடையோடு தீர்ந்துபோயிற்று.

அடுத்தது கைப்பை. எதைக் கையில் வைப்பது, எதைப் பெட்டியில் வைப்பது என்று தீர்மானிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: 'இந்தப் பெட்டி வாரா விட்டால், எது இல்லாமல் நம்மால் இருக்க முடியாது?' அது கைப்பைக்கு உரியது. கடவுச்சீட்டு, விசா, கப்பல் சீட்டு, பணம், மூக்குக்கண்ணாடி, தொலைபேசியின் மின்னேற்றி, ஒரு மாற்றுடை ஆகியவை அதில் இருக்கட்டும். மருந்து முழுவதும், ஆம், பயணம் முடியும் வரைக்கும் அதற்கு மேல் சில நாள்களுக்கும் வேண்டிய மருந்து முழுவதும், மருத்துவரின் சீட்டோடு கையில் இருத்தல் வேண்டும். மாத்திரைகளை அவற்றின் அட்டையிலேயே விட்டுவைப்பது நலம். இன்சுலின் மருந்து உறைந்துபோகலாகாது. விமானத்தின் அடித்தளத்தில் குளிர் மிகக் கூடுமாதலால் அதனைப் பெட்டியில் வைக்கவே கூடாது. எடை மிகும் என்று அஞ்சினால், கைப்பையிலிருந்து முறுக்கையும் மிட்டாயையும் எடுத்துப் பெட்டியில் வையுங்கள், மாத்திரையை எடுக்காதீர்கள்.

நகைகளைப் பற்றியும் ஒரு சொல். பணம், நகை, பத்திரங்கள் ஆகியவற்றைப் பெட்டியில் வைத்தால் பொறுப்பேற்பதில்லை என்று விமான நிறுவனங்கள் பல தம் நிபந்தனைகளில் எழுதி வைத்துள்ளன. விழாவுக்கென்று எடுத்துச் செல்லும் நகை உடம்பிலோ கைப்பையிலோ இருக்கட்டும். அன்றேல் வீட்டிலேயே இருக்கட்டும்.

கணவனும் மனைவியும் செல்லும்போது, ஒருவர் உடை முழுவதும் ஒரு பெட்டி, மற்றவர் உடை முழுவதும் மற்றொரு பெட்டி என்று அடுக்குவது நம் வழக்கம். அதைவிட, இருவர் உடைகளையும் பாதி பாதியாக இரு பெட்டிகளிலும் கலந்து வைப்பது மேல். ஒன்று பிந்தினாலும் மற்றொன்று இருவருக்கும் உதவும்.

பெட்டியின் வெளியே பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். உள்ளே, மூடியைத் திறந்ததும் கண்ணில் படுமாறு ஒரு தாள் வைக்க வேண்டும். அதில் பெயர், தொலைபேசி எண், கப்பலின் பெயர், கப்பல் புறப்படும் நாள், எந்த நாளில் எந்தத் துறைமுகம் என்ற பட்டியல், ஊர் திரும்பும் நாள், வீட்டு முகவரி ஆகியவை இருக்கட்டும். வெளிச்சீட்டு கிழிந்துபோன பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு அத்தாளே வழிகாட்டும். ஒப்படைக்கும் முன் பெட்டியை ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நன்று. "கறுப்புப் பெட்டி, சக்கரம் வைத்தது" என்று சொன்னால், உலகத்தில் பாதிப் பெட்டிகள் அவ்வாறே இருக்கின்றன. கைப்பிடியில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டி வைத்தால் பிறர் தவறாக எடுத்துப்போவதும் குறையும்.

ஆப்பிள் நிறுவனத்தார் 2021-இல் வெளியிட்ட ஏர்டேக் போன்ற சிறு கருவிகளைப் பெட்டிக்குள் இடுவோர் இன்று பலர். பெட்டி எங்கே கிடக்கிறது என்பதைத் தொலைபேசியில் அறிய அது உதவும். பிள்ளைகளிடம் சொன்னால் பொருத்தித் தருவார்கள். ஆயினும் அது பெட்டியைக் காட்டுமேயன்றிக் கொண்டுவந்து தராது என்பதை மறவற்க.

துறைமுகத்தை அடைந்த பின்னரும் கவனம் வேண்டும். அங்கே பெரிய பெட்டிகளைக் கப்பல் பணியாளர் வாங்கிக்கொண்டு, சில மணி நேரம் கழித்தே அறை வாயிலில் கொண்டுவந்து வைப்பர். ஆகவே கைப்பையின் விதி அங்கும் பொருந்தும். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் கெட்டில் முதலியவற்றைக் கப்பல்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அவை உள்ளே இருந்தால், வந்து சேர்ந்த பெட்டியும் சோதனைக்காக நிறுத்தப்படும்.

கப்பலில் பணியேற்கச் செல்லும் இளைஞர்களுக்கு இவையெல்லாம் இரு மடங்கு பொருந்தும். உல்லாசப் பயணிக்குப் பெட்டி போனால் மகிழ்ச்சி குறையும். மாலுமிக்குச் சான்றிதழ் போனால் வேலையே தடைப்படும். கடவுச்சீட்டு, மாலுமியின் சி.டி.சி. புத்தகம், பயிற்சிச் சான்றிதழ்கள், மருத்துவச் சான்று, பணியேற்பு ஆணை ஆகியவற்றின் மூலங்கள் கைப்பையை விட்டு நீங்கலாகாது. அவற்றின் படிகள் வீட்டிலும் ஒருவரிடம் இருக்கட்டும்.

பெட்டி வாரா விட்டால்

பட்டை நின்ற பிறகும் பெட்டி வரவில்லையெனில், நிலையத்தை விட்டு வெளியேறாமல் அங்கேயே முறையீடு பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பி.ஐ.ஆர். என்று பெயர். பெட்டியை ஒப்படைத்தபோது கொடுத்த சிறு சீட்டைக் காட்டினால், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறிப்பெண்ணைத் தருவார்கள். உலகின் பல விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் வேர்ல்டு டிரேசர் என்னும் தேடும் முறையில் அக்குறிப்பெண்ணைக் கொண்டே பெட்டியைத் தேடுவர். நாம் கப்பலில் செல்கிறோம் என்பதை அழுத்தமாகச் சொல்லி, துறைமுகப் பட்டியலின் ஒரு படியை அவர்களிடம் கொடுக்க வேண்டும். உடனடுத்த துறைமுகத்துக்கு அனுப்பச் சொல்லுவதைவிட, இரண்டு நாள் கழித்து வரும் துறைமுகத்தைக் குறிப்பதே அறிவுடைமை; பெட்டி நமக்கு முன்னே சென்று காத்திருக்கும். கப்பலில் ஏறியவுடன் வரவேற்பு மேசையிலும் அக்குறிப்பெண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு துறைமுகத்திலும் உள்ள கப்பலின் முகவர் வழியாக அவர்கள் தொடர்பு கொள்வர்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 1999-ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. அதன்படி, பெட்டி சேதமுற்றிருந்தால் பெற்ற 7 நாள்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் பெற்ற 21 நாள்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள்கள் கடந்தும் வராத பெட்டியைத் தொலைந்ததாகவே கொள்ளலாம். வழக்குத் தொடுக்க வேண்டுமாயின் 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். நட்ட ஈட்டின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமை. இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. மொத்தம் 2,000 அமெரிக்க டாலருக்குச் சற்று மேல் வரும். இது பெட்டி ஒன்றுக்கன்று, ஆள் ஒருவருக்கு. கேட்டவுடன் கிடைப்பதுமன்று, இழப்பை மெய்ப்பித்த அளவுக்கே கிடைக்கும். ஆதலின், பெட்டி இல்லாத நாள்களில் வாங்கிய சோப்பு முதல் சட்டை வரை எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருக்க வேண்டும். பயணக் காப்பீடு எடுப்போர், பெட்டி தாமதமாவதற்கும் அதில் இடமுண்டா, எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பின் பணம் தருவர் என்பனவற்றைப் படித்துப் பார்த்தே எடுக்க வேண்டும்.

மீண்டும் நம் தம்பதியர்

மெசினாவுக்கு மறுநாள் கப்பல் மால்ட்டாவின் வலெட்டா துறையை அடைந்தது. அம்மையார் தேறியிருந்தார். மகன் தன் தோளில் தாங்கி மெல்ல நடத்திச் சென்று, புனித சின்னப்பரின் கப்பற்சேதத்தை நினைவுகூரும் கோவிலைக் காட்டினார். சின்னப்பர் ஏறிவந்த கப்பல் அத்தீவின் கரையருகே உடைந்ததையும், சரக்கையும் தளவாடங்களையும் கடலில் எறிந்த பின் 276 பேரும் உயிரோடு கரை சேர்ந்ததையும் நம் வாசகர்கள் அறிவார்கள். ஊர் திரும்பியபின் அம்மையார் அதைச் சொல்லிச் சிரித்தார்: "சின்னப்பரும் அங்க வெறுங்கையோடதான் கரை ஏறினாராம் சாமி. எனக்கு ஒரே ஆறுதலாப் போச்சு. ஆனா அவருக்குச் சர்க்கரை இல்ல பாருங்க!"

பெட்டிகள் வந்த அன்று தற்செயலாக அவர்கள் இல்லத்தில் இருந்தோம். ஆசிரியர் பூட்டைத் திறந்தார். திருமண நாளன்று உடுத்துவதற்கென எடுத்துச் சென்ற பட்டுச் சேலை மடிப்புக் கலையாமல் மேலே இருந்தது. அதன் அடியில், ஒரு சிறு துணிப்பையில், மாத்திரை அட்டைகள் ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல் வரிசையாக இருந்தன. அம்மையார் சேலையை எடுத்தார். ஆசிரியர் ஒன்றும் பேசாமல் மாத்திரைப் பையை எடுத்தார். அலமாரியின் மேலிருந்த கைப்பையை இறக்கி, அதனுள் வைத்து மூடினார். அந்தக் கைப்பை இனி வெளிநாடு போகுமோ போகாதோ, அறியோம். சென்ற திங்கள் அவர்கள் இருவரும் பேருந்தில் வேளாங்கண்ணிக்குப் போய்வந்தபோது, அது ஆசிரியரின் மடியிலேயே இருந்ததாம்.

நாமும் ஒரு பாடம் கற்றோம். பயணம் புறப்படுவோர் ஆசீர் பெற வரும்போது, "பெட்டி எத்தனை?" என்று இப்போது நாம் கேட்பதில்லை. "மாத்திரை கையில் இருக்கிறதா?" என்றே கேட்கிறோம். இருக்கிறது என்று எடுத்துக் காட்டிய பின்புதான் ஆசீர்.